பெரோவும் பெறோவும்: ஒரு ஸ்பானியச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் எதைப் போடுவது?

அக்கா குடும்பம் ஸ்பெயினில் ஒன்பது வருடம் இருந்துவிட்டு இந்த மாசியில் லண்டன் பக்கம் மாறிவிட்டார்கள். மருமகனுக்கு ஆறு வயது. புதுப் பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் பழைய அறிக்கைகளை எல்லாம் ஆங்கிலத்தில் கேட்டிருக்கிறார்கள், அதில் ஒன்று அங்கே ஒரு பேச்சுச் சிகிச்சையாளர் எழுதிக்கொடுத்த இரண்டு பக்கத் தாள். நான் கிளிநொச்சியில் ஆங்கில ரியூசன் கொடுப்பவன், நாலு வருடமாகப் போனிலேயே ஸ்பானியமும் படித்துக்கொண்டிருக்கிறேன், இடைக்கிடை மொழிபெயர்ப்பு வேலையும் செய்கிறேன். பிறகென்ன, தாள் என் தலையில்தான் வந்து விழுந்தது. வாட்ஸ்அப்பில் படத்தோடு அக்காவின் குரல்:

"தம்பி, இதை ஒருக்காப் பாரடா. போனிலை போட்டுப் பாத்தனான், பிள்ளைக்கு 'மல்டிபிள் வைப்ரன்ற்' இல்லையாம் எண்டு வருது. ஏதும் வருத்தமோ?"

வருத்தம் ஒன்றுமில்லை. தாளில் இருந்த வரி இவ்வளவுதான்: பிள்ளை 'பிப்ராந்தே மூல்திப்ளே' என்ற ஒலியை எழுப்புவதில்லை, அந்த இடத்தில் 'பிப்ராந்தே சிம்ப்ளே'யைப் போடுகிறான். (எழுத்தில் அது வி. ஸ்பானியத்தில் வி எழுதினாலும் வாயில் வருவது பி, அதனால்தான் இப்படி எழுதுகிறேன்.) பிப்ராந்தே என்றால் அதிர்வது, சிம்ப்ளே ஒற்றை, மூல்திப்ளே பல. செயலி சொல்லுக்குச் சொல் பிடுங்கி நட்டுவிட்டது. ஆங்கிலத்தில் வைப்ரன்ற் என்றால் பளிச்சென்ற நிறம், கலகலப்பான சந்தை, துறுதுறுப்பான ஆள், இவைதான் முதலில் நினைவுக்கு வரும். 'இந்தப் பிள்ளையிடம் பல வைப்ரன்ற் இல்லை' என்று ஒரு லண்டன் ரீச்சர் வாசித்தால் பிள்ளை சோர்ந்துபோய்க் கிடக்கிறான் என்று நினைத்தாலும் நினைப்பார்.

சரி, அப்படியென்றால் எதைப் போடுவது? ஆங்கிலத்தில் இதற்கு ஒரு சொல் இல்லை, ஆறேழு இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடத்தில் இடிக்கிறது. ஒரு பின்னேரம் முழுக்க இதோடு மல்லுக்கட்டினேன். இதே சிக்கலில் மாட்டப்போகிறவர்களுக்கு, நான் எதை எடுத்தேன், எதை ஏன் தள்ளினேன் என்று எழுதிவைக்கிறேன்.

முதலில் ஒலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஸ்பானியத்தில் 'பெரோ' என்றால் ஆனால். 'பெறோ' என்றால் நாய். அவர்கள் எழுத்தில் முதலாவதற்கு ஒரு ஆர், இரண்டாவதற்கு இரண்டு ஆர், நமக்கு இடையின ர, வல்லின ற, அவ்வளவுதான். 'காரோ' விலை கூடியது, 'காறோ' வண்டி. 'என்தெரார்' என்றால் ஒருவருக்குச் செய்தியைத் தெரிவிப்பது, 'என்தெறார்' என்றால் புதைப்பது, இதை மட்டும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள். சொல்லின் முதலில் வந்தால் ஒற்றை ஆர் எழுதினாலும் ஒலி ற தான், ரோஜாப்பூ அவர்களுக்கு 'றோசா'. தமிழ் இலக்கணப்படி ற மொழிக்கு முதலில் வராது, ஆனாலும் எங்கள் பக்கத்தில் றோட்டு, றேடியோ, றிப்போட் என்று எழுதிக்கொண்டேதான் இருக்கிறோம். அதைப் பார்த்துத் தமிழ்நாட்டு நண்பர்கள் சிரிப்பார்கள். ஒரு ஸ்பானியர் சிரிக்கமாட்டார்.

மருமகனுக்கு வராதது இந்த ற தான். எனக்கு இது தாளைப் பார்க்க முதலே தெரியும். போன வருடம் லீவுக்கு வந்து அம்மாவோடு உருத்திரபுரத்தில் நின்றான். அம்மா ஏழெட்டு ஆடு வைத்திருக்கிறார், அதில் ஒரு வெள்ளை மறிக்குட்டி இவனுக்கு உயிர். காலையில் கண்ணைத் திறந்ததும் "அம்மம்மா, மரி எங்க?" அம்மா பல் தீட்டிக்கொண்டே சொல்லுவார், "மரி மடுவிலையடா இருக்கிறா, மாதா கோயில்லை. இங்க நிக்கிறது மறி." அவன் வாயைக் கோணலாக்கி, நாக்கை வெளியே நீட்டி, துப்பல் பறக்க முயற்சி செய்வான். கடைசியில் வருவது மரி. பிறகு இரண்டு பேரும் சிரிப்பார்கள். ஒரு நாள் நான் அவன் வாய்க்குள் எட்டிப் பார்த்தேன், நாக்கு நுனி சரியான இடத்துக்குத்தான் போகிறது, மேல்பல்லுக்குப் பின்னால் முரசு, அதாவது பல் ஈறு, மேடாக இருக்கிற இடத்துக்கு. ஆனால் நாக்கை இறுக்கிப் பிடித்திருக்கிறான். அங்கேதான் பிசகு.

ஏனென்றால் ர வேறு வேலை, ற வேறு வேலை. ர சொல்லும்போது நாக்கு நுனி போய் ஒருதடவை தட்டிவிட்டுத் திரும்புகிறது, கரம் போட்டில் காயைச் சுண்டுவது மாதிரி, சுண்டுவது நாமே. ற சொல்லும்போது நாம் நாக்கை ஆட்டுவதில்லை. நுனியைத் தளர்வாக அந்த மேட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு காற்றை விடுகிறோம், காற்று நாக்கைத் தள்ளித் திறக்கிறது, நாக்கின் மீள்தன்மையும் அந்த ஒடுக்கத்தில் விரைந்து போகும் காற்றின் இழுவையும் சேர்ந்து திரும்ப மூடுகின்றன, திரும்பத் திறக்கிறது. பட்டத்துக்கு விண் பூட்டியவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விண் நாரை யாரும் மேலே ஏறி நின்று ஆட்டுவதில்லை, சோளகக் காற்று ஆட்டுகிறது. நார் சரியான இழுவையில் இருந்தால் கூவும், மிஞ்சி இறுக்கினால் ஊமையாகிவிடும். செக்கனுக்கு 25 முதல் 30 தடவை என்ற வேகத்தில் நாக்கு அடிக்கிறது, எந்தத் தசையையும் அந்த வேகத்தில் மனம் வைத்து ஆட்ட முடியாது. சாதாரணமாக 'பெறோ' என்று சொல்லும்போது இரண்டு மூன்று அடிதான் விழும், அதற்குள் ஒலி முடிந்துவிடும்.

இப்போது திரும்ப ஸ்பானியப் பெயருக்கு வருவோம். ஒற்றை அதிர்வு, பல அதிர்வு. இந்தச் சோடியை ஊன்றவைத்தவர்களில் முக்கியமானவர் தோமாஸ் நவாறோ தோமாஸ், 1918இல் வெளியான அவருடைய உச்சரிப்புக் கைநூல் ஸ்பானிய ஒலியியலுக்கே அடித்தளம் மாதிரி. அவரைக் குறை சொல்ல நான் யார். ஆனால் அந்தப் பெயரைக் கேட்பவர் என்ன நினைப்பார்? ற என்பது இரண்டு மூன்று ர அடுக்கியது என்றுதான். அது அப்படியல்ல. ஒரே ஒரு அடி மட்டும் விழுந்த ற கூட ற தான், ஏனென்றால் அந்த அடியைப் போட்டது காற்று. ர வை எத்தனை தடவை வேகமாகச் சொன்னாலும் ற ஆகாது, ஆகுமென்றால் மருமகன் எப்போதோ சொல்லியிருப்பான். ஸ்பானியப் பெயர் எண்ணிக்கையைச் சொல்கிறது, செயலைச் சொல்லவில்லை. ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது இந்தக் குறையையும் சேர்த்துக் கொண்டுபோக வேண்டுமா என்பதுதான் உண்மையான கேள்வி.

இதைத் தமிழோடு ஒப்பிட்டுப் பாருங்கள். தொல்காப்பியப் பிறப்பியலில் ரகர ழகரங்களுக்கு நுனிநா மேலே வளைந்து அண்ணத்தை 'வருட' வேண்டும், றகர னகரங்களுக்கு 'ஒற்ற' வேண்டும். இரண்டு வினைச்சொற்கள், இரண்டு செயல்கள், எண்ணிக்கைப் பேச்சே இல்லை. நம் மொழியியலாளர்கள் ரகரத்தை வருடொலி என்றும் அதிர்கிற றகரத்தை ஆடொலி என்றும் சொல்வது அந்த வழியில் வந்ததுதான். (ஒற்றுவது என்று தொல்காப்பியர் சொன்னது எங்கள் பேச்சில் இன்னும் உயிரோடு இருக்கிறது. காற்று, வற்றாப்பளை என்று நாங்கள் சொல்லும்போது அதிர்வே கிடையாது, நாக்கு ஒற்றி அடைத்துத் திறக்கிறது, அதனால்தான் பற்றறி, கொம்பியூற்றர் என்று ஆங்கில டி ஓசைக்கும் அந்த எழுத்தையே போடுகிறோம். இதைத் தொடங்கினால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும், விடுவோம்.)

இனித் தெரிவுகள்.

வைப்ரன்ற் என்றே விட்டால் என்ன? முற்றிலும் பிழை என்று சொல்லமாட்டேன். ஆங்கில ஒலியியலிலும் அரிதாகச் சிலர் இந்தச் சொல்லைப் புழங்கியிருக்கிறார்கள், ர, ற மாதிரியான ஒலிகள் எல்லாவற்றையும் ஒரே கூடைக்குள் போட. ஒரு ஸ்பானிய இலக்கணக்காரரின் வகைப்பாட்டையே பேசுகிற ஆய்வுக் கட்டுரையை மொழிபெயர்த்தால், அவர் ஏன் இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் வைத்தார் என்பதே பேச்சாக இருந்தால், அங்கே இதை விட வேறு சொல் சரிவராது. மூலத்தின் கூடையையே காட்ட வேண்டும். ஆனால் பள்ளிக்கூடத்துக்குப் போகிற தாளில்? வாசிப்பவருக்குச் சொல் தெரிந்த சொல், பொருள் தெரியாத பொருள். முன்பின் தெரியாத சொல்லாக இருந்தால் ரீச்சர் அகராதியைப் புரட்டுவார், தெரிந்த சொல்லைப் புரட்டமாட்டார். அதனால் மொழிபெயர்ப்பில் எனக்குப் பயம் இந்த மாதிரிச் சொற்களிடம்தான்.

அடுத்தது, ஒன்றும் வேண்டாம், வெறுமனே 'ஆர் ஒலி வரவில்லை' என்று எழுதிவிடலாமே? அக்காவின் யோசனை இதுதான், கேட்க நல்லாக இருக்கிறது. உண்மையில் எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். ஆங்கிலத்து ஆர் ர வும் இல்லை, ற வும் இல்லை. நாக்கு எங்கேயும் தட்டாமல், அதிராமல், சும்மா கிட்டப்போய் நிற்கிற ஒலி அது. லண்டனில் ஒரு பிள்ளைக்கு ஆர் வரவில்லை என்றால் 'ரெட்' என்பதை 'வெட்' என்கிறான் என்றுதான் அவர்கள் விளங்கிக்கொள்வார்கள், அதற்கென்று தனிப் பயிற்சிகூட இருக்கிறது. மருமகன் 'ரெட்' என்று வடிவாகச் சொல்லுகிறான். அவனுக்கு வராத ஒலி லண்டன் ஆங்கிலத்தில் தேவையே இல்லாத ஒலி. அந்த ஒரு வரியால் பிள்ளை கிழமைக்கு ஒருநாள் வகுப்பை விட்டு எழும்பிப்போய், நன்றாக வருகிற ஒலியைத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு இருக்க வேண்டிவரும்.

இப்படி ர வையும் ற வையும் ஒரே ஆருக்குள் அடைப்பது எங்களுக்குப் புதிதும் இல்லை. ஏ9 றோட்டால் போய்ப் பாருங்கள், முறிகண்டிக்கும் ஆங்கிலத்தில் ஒரு ஆர், பரந்தனில் திரும்பிப் போனால் முரசுமோட்டைக்கும் அதே ஆர். முறி வேறு, முரசு வேறு என்பது பலகையை எழுதியவருக்கு வாயில் தெரியும், கையில் இருந்த எழுத்தில் அதற்கு வசதி இல்லை. ஒட்டுசுட்டானுக்கு இரண்டு இடத்திலும் 'டொக்டர்' என்பதன் முதலில் வருகிற டி யை இரட்டையாகப் போட்டு, ஊர் பேரே தெரியாத பேராகிவிட்டது, முதல்தடவை வந்த ஒரு வெள்ளைக்காரர் 'ஒடசடன்' எங்கே என்று என்னிடம் கேட்டிருக்கிறார்.

றோல்ட் ஆர், அதாவது உருட்டிய ஆர். இது பாமரச் சொல், எல்லா ஆங்கிலேயருக்கும் உடனே விளங்கும், கேட்டவுடன் வாயில் செய்தும் காட்டுவார்கள். பாமரச் சொல் என்று தள்ளிவிட முடியாது, அனைத்துலக ஒலியெழுத்து அட்டவணையிலேயே ஒரு காலத்தில் இதுதான் இருந்தது, 1951ஆம் வருடத்து அட்டவணையில் 'றோல்ட்', 'ஃபிளப்ட்' என்று இரண்டு வரிசை. எனக்கு இந்தச் சொல்லில் இரண்டு மனம். நல்லது என்னவென்றால் ரீச்சர், பெற்றோர், பக்கத்து வீட்டுக்காரர் யாருக்கும் அகராதி தேவையில்லை. கெட்டது என்னவென்றால் ஆங்கிலேயர்கள் இதைத் தாராளமாகப் பாவிக்கிறார்கள். ஸ்கொட்லாந்துக்காரர் எல்லாரும் ஆரை உருட்டுவார்கள் என்பார்கள், கிட்டப்போய்க் கேட்டால் அவர்களில் பலர் செய்வது ஒற்றைத் தட்டல். அதாவது இந்தச் சொல் ர வையும் ற வையும் சேர்த்து வாரிக்கொள்கிறது. நம் தாளில் இருக்கிற வரியே ற வுக்குப் பதில் ர போடுகிறான் என்பதுதானே, இரண்டையும் பிரிக்காத சொல்லைத் தனியாக நம்பி என்ன செய்வது? பக்கத்தில் உதவிக்கு வைத்துக்கொள்ளலாம்.

ட்ரில், டப். இன்று ஒலியியல் படித்த எந்த ஆங்கிலக்காரரும் முதலில் எடுக்கிற சோடி இது, அட்டவணையில் இப்போது இருப்பதும் இவைதான். (ட்ரில் என்றதும் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சியை நினைக்காதீர்கள், அது வேறு எழுத்தில் தொடங்குவது, தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. டப் என்பது தட்டுவது, தண்ணீர்க் குழாய்க்கும் அந்தச் சொல்தான். எங்கள் வழக்கப்படி ரிக்கற், ரயர் மாதிரி 'ரப்' என்று எழுதலாம்தான், ஆனால் பாதி ரப்பர் மாதிரி இருக்கிறது.) ட்ரில் என்றால் பறவை நெடுக விடுகிற அதிர்வோசை, இசையில் இரண்டு சுரத்துக்கிடையில் ஊசலாடுவது. டப் என்றால் தட்டு. இரண்டும் தனித்தனிச் சொல், தனித்தனிச் செயல், ஒன்று மற்றதன் மடங்கு இல்லை. தொல்காப்பியர் வைத்த மாதிரி. இந்த இடத்தில் மொழிபெயர்ப்பு மூலத்தை விடத் தெளிவாக இருக்கிறது, அதில் எனக்குக் கூச்சம் ஒன்றும் இல்லை.

ஆனால் டப்பிலும் ஒரு சண்டை இருக்கிறது: டப்பா, ஃபிளப்பா? அமெரிக்காவில் 'பட்டர்' என்ற சொல்லின் நடுவில் வருகிற ஒலி கிட்டத்தட்ட நம்முடைய ர தான், அவர்கள் வாயில் 'பரர்' மாதிரி விழும். அதை அமெரிக்கப் புத்தகங்கள் நெடுங்காலமாக ஃபிளப் என்றே சொல்லி வந்திருக்கின்றன. பலர் இரண்டையும் ஒன்றாகவே பாவிக்கிறார்கள், அட்டவணையிலும் 'டப் அல்லது ஃபிளப்' என்று ஒரே வரிசைதான். ஒலியியலாளர் பீட்டர் லேடிஃபோகட் வழியில் வந்தவர்கள் பிரிப்பார்கள்: நாக்கு நேராக மேலே போய்த் தட்டிவிட்டு வந்த வழியே திரும்பினால் டப், முதலில் பின்னுக்கு வளைத்து வைத்துக்கொண்டு முன்னுக்கு வீசும்போது போகிற போக்கில் அடித்துவிட்டுப் போனால் ஃபிளப். கதவைத் தட்டுவதற்கும், போகிற போக்கில் வேலிக் கிடுகைக் கையால் அடித்துக்கொண்டு போவதற்கும் உள்ள வித்தியாசம். இந்தியின் வளைநா ஒலி ஒன்று இரண்டாவது வகை. ஸ்பானிய ர முதலாவது வகை. ஆகவே டப். ஃபிளப் என்று எழுதினாலும் யாரும் அடிக்க வரமாட்டார்கள், ஆனால் சரியான சொல் கையில் இருக்கும்போது ஏன் மற்றதை எடுக்க வேண்டும்?

ட்ரில் என்பதற்கும் ஒரு எல்லை உண்டு. ஸ்பானியம் பேசுகிற எல்லா ஊரிலும் 'பெறோ'வில் நாக்கு அதிர்வதில்லை. புவேர்ட்டோ ரிக்கோவில் பலர் அதைத் தொண்டைப் பக்கமாக, பிரெஞ்சுக்காரர் ஆர் மாதிரி உரசிச் சொல்லுவார்கள், எக்குவடோர் மலைப்பக்கத்தில் அது சீறுகிற ஒலியாகிவிடுகிறது. அங்கத்துப் பேச்சைப் பற்றிய கட்டுரையில் 'பிப்ராந்தே மூல்திப்ளே' என்று வந்தால் அது வாயில் வருகிற ஒலியைச் சொல்கிறதா, மொழியில் அந்த ஒலிக்கு உள்ள இடத்தைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டாவதாக இருந்தால் ட்ரில் என்று எழுதி 'இது உரசலாக வருகிறது' என்று தொடர்ந்தால் வாசிப்பவர் குழம்புவார், இரட்டை ஆர் ஒலியன் என்று சொல்வது பாதுகாப்பு. மருமகன் விடயத்தில் இந்தப் பிரச்சினை இல்லை.

றோட்டிக். றோட்டோடு சொந்தம் இல்லை, கிரேக்க எழுத்து 'றோ'விலிருந்து வந்தது. ஆர் குடும்பத்து ஒலிகள் அத்தனைக்கும் பொதுப்பெயர். படித்த வாசகருக்கு அழகான சொல், ஆனால் குடும்பம் மிகப் பெரிது, ஆங்கில ஆர், பிரெஞ்சுத் தொண்டை ஆர் எல்லாம் உள்ளே. அதோடு ஆங்கிலேயர் மத்தியில் இந்தச் சொல்லுக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது, 'கார்' என்பதன் கடைசி ஆரைச் சொல்லுகிற உச்சரிப்பு றோட்டிக், விழுங்கிவிடுகிற லண்டன் உச்சரிப்பு றோட்டிக் இல்லை. லண்டன் பள்ளிக்கூடத்துக்கு 'இந்தப் பிள்ளைக்கு றோட்டிக் ஒலிகள் வரவில்லை' என்று எழுதினால், எங்களுக்கும்தான் வரவில்லை என்று பதில் வரும்.

பெர்கஷிவ். இது ஒரு பொறி, சும்மா எச்சரித்துவிட்டுப் போகிறேன். ஸ்பானியத்தில் சில நவீன எழுத்தாளர்கள் ர வை 'பெர்குசிபா' என்கிறார்கள், தட்டுவது என்ற பொருளில், எண்ணிக்கைப் பெயரை விட நல்ல பெயர்தான். அதை அப்படியே ஆங்கிலத்தில் பெர்கஷிவ் என்று வைத்துவிடாதீர்கள். ஆங்கில ஒலியியலில், அதுவும் பேச்சுச் சிகிச்சைக்காரர் பாவிக்கிற விரிவு அட்டவணையில், அது உதட்டோடு உதட்டை அடிப்பதற்கும் பல்லோடு பல்லை மோதுவதற்கும் வைத்த பெயர். பிள்ளை பல் நறநறக்கிறான் என்று போய்விடும்.

குறியீட்டையே போடலாமா என்றால், ட்ரில்லுக்குச் சாதாரண ஆர் எழுத்து, டப்புக்குத் தூண்டில் மாதிரி வளைந்த ஆர். ஆங்கில அகராதிகள் தங்கள் சொந்த ஆருக்கும் வசதிக்காக அந்தச் சாதாரண எழுத்தையே போட்டுவிடுகிறார்கள். ஆகவே குறியீடு மட்டும் போட்டால் திரும்பவும் அதே ரெட், வெட் கதைதான். ஸ்பானியச் சொல்லை அப்படியே விட்டுவிடுவது? ஆய்வுக் கட்டுரையில் முதல்தடவை ஆங்கிலச் சொல்லுக்குப் பக்கத்தில் வைக்கலாம், பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம்.

கடைசியில் நான் எழுதியது தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'ஸ்பானியத்தின் ட்ரில் ஆரை, அதாவது உருட்டிய ஆரை, பெறோ என்ற சொல்லில் வருவது, இவன் எழுப்புவதில்லை; அதற்குப் பதிலாக டப் ஆரை, பெரோ என்ற சொல்லில் வருவது, பாவிக்கிறான்.' தொழில்சொல் முதலில், பாமரச்சொல் அதற்குத் துணையாக ஒரேயொரு தடவை, இரண்டு ஸ்பானியச் சொற்கள் உதாரணத்துக்கு. பள்ளிக்கூடத்தின் சிகிச்சையாளர் ட்ரில்லைப் பார்த்து விளங்கிக்கொள்வார், வகுப்பு ரீச்சர் உருட்டிய என்பதைப் பார்த்து விளங்கிக்கொள்வார். ஒற்றை, பல என்ற சொற்களை அடியோடு விட்டுவிட்டேன். மூலத்தில் இருக்கிற சொல்லை விடலாமா என்று யாராவது கேட்டால், விட்டது சொல்லைத்தான், பொருளை இல்லை என்பேன். இதே வரி ஒரு நீதிமன்றத்துக்கோ ஆய்வுக்கோ போவதாக இருந்தால் அடைப்புக்குள் மூலச்சொல்லையும் வைத்திருப்பேன்.

தாளின் இரண்டாம் பக்கத்தில் 'பிப்ராந்தே' பன்மையில் வந்தது, பிப்ராந்தேக்களுக்குப் பயிற்சி தொடர வேண்டும் என்று. இங்கே ட்ரில்கள் என்று எழுதினால் டப் வெளியே போய்விடும், றோட்டிக் வேண்டாம் என்று முதலே முடிவு. 'ஸ்பானியத்தின் இரண்டு ஆர் ஒலிகள்' என்று போட்டேன். தொழில்சொல்லே இல்லாத மொழிபெயர்ப்பு, ஆனால் அதில் பிழை பிடிக்க இடமில்லை.

கீழே மொழிபெயர்ப்பாளர் குறிப்பு என்று ஒரு வரி சேர்த்தேன், ட்ரில் ஆங்கிலத்துக்குத் தேவைப்படும் ஒலி இல்லை என்று. இது சரியா பிழையா என்று கொஞ்சம் யோசித்தேன். மொழிபெயர்ப்புக்குள்ளேயே நுழைத்திருந்தால் பிழை, கோட்டுக்குக் கீழே என் பெயரில் இருப்பதால் பரவாயில்லை. அக்காவுக்கு இன்னொரு ஆசை இருந்தது.

"தம்பி, 'இன்னும் எழுப்புறேல்லை' எண்டு போடன். 'இன்னும்' எண்டால் வரும் எண்ட மாதிரி இருக்குமெல்லோ."

"அக்கா, தாளிலை இன்னும் எண்டு இல்லை. நான் போட ஏலாது."

"நீ மாமன்தானே, போட்டால் என்ன?"

போடவில்லை. ஆனால் ஸ்பானியப் பிள்ளைகளுக்கே ற தான் கடைசியாக வருகிற ஒலிகளில் ஒன்று, ஆறு வயதில் வராமல் இருப்பது அபூர்வம் இல்லை என்பதை அவருக்குத் தனியாகச் சொன்னேன். அது அவருக்கான செய்தி, தாளுக்கானது இல்லை.

தாளின் அடுத்த வரியிலேயே 'சின்ஃபோன்' என்று ஒரு சொல் நின்றது, செயலி அதைச் சிம்பொனியாக்கி வைத்திருந்தது. ப்ள, த்ர மாதிரி இரண்டு மெய் சேர்ந்து வருவதற்கு ஸ்பானியச் சிகிச்சையாளர் வைத்த பெயர் அது. ஆங்கிலத்தில் கிளஸ்டர். அரை நிமிடத்தில் முடிந்தது, தேத்தண்ணி ஆறவில்லை.